போகியில் போன புடவைத் துண்டு

ஆவடி,
16.1.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

தமயந்தியின் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நானும் சித்தியும் சௌக்கியம். ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டதால்தான் பொங்கலுக்கு வர முடியவில்லை.

போகியன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. இங்கே விடிவதற்கு முன்பே தெருவெல்லாம் பழைய பாயோடு டயரையும் கொளுத்துகிறார்கள். பனியில் சிக்கிய புகை மேலே போவதே இல்லை. என் இழுப்புக்கு ஆகாதென்று சித்தி ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார். ஆனால் லாரிப் புகைக்காக நான் மூக்கில் கட்டிக்கொள்வேனே, உன் பழைய புடவைத் துண்டு, அதைக் கந்தல் என்று நினைத்து அவரே தெருப் பையன்களிடம் நெருப்பில் போடக் கொடுத்துவிட்டார். தெரிந்ததும் வெளியே ஓடினேன். அதற்குள் பாதி எரிந்துவிட்டது. புகையில் நின்றதில் மூச்சு திணறியது.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். "இன்னா பொண்ணும்மே நீ? கந்தலுக்கோசரம் உசுர வுடுவியா? புச்சா ஒரு டஜன் கர்சீப் வாங்கித் தரேன், வா உள்ள!" என்று திட்டிக்கொண்டே முதுகைத் தடவினார். டாக்டர் ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே. படித்தது போதும் என்று அழைத்துப் போய்விடுவார்.

அக்கா சொன்னபடியே கர்சீப் வாங்கித் தந்தார். அது மொடமொடவென்று மூக்கை உறுத்துகிறது. உன் பழைய புடவையில் இன்னொரு துண்டு கிழித்துத் தபாலில் அனுப்பு. துவைக்க வேண்டாம் அம்மா. இங்கே நானே துவைத்துக்கொள்கிறேன்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிற நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். இல்லை, நடந்தே போகிறேன்.

உன் மகள்,
தமயந்தி