சிவப்புப் பிடி

மார்ச் 4

அக்காவுக்கு,

பட்டம் நேற்று வந்து சேர்ந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே சேதமில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். விபத்தைப் பற்றிப் போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நீ துறைமுக அலுவலகத்தில் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே உன் விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்கிறேன். பலகைமேல் நிற்பவரைப் பெரிய பட்டம் ஒன்று கடல்மேல் இழுத்துச் செல்கிறது. பட்டத்தின் நான்கு கயிறுகளும் ஒரு கைக்கம்பில் வந்து முடிகின்றன. கம்பு இடுப்புப் பட்டையில் கொக்கியால் மாட்டியிருக்கிறது. கம்பிலிருந்து கையை எடுத்தால் இழுவை பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் கொக்கிக்கு மேலே இருக்கும் சிவப்புப் பிடியை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளினால் பட்டம் இடுப்பிலிருந்து கழன்று, ஒற்றைக் கயிற்றில் கந்தல் துணி மாதிரி சுருண்டு விழும்.

உன் மாணவரான பல் டாக்டரின் தோள் உடைந்த அன்று அந்தச் சிவப்புப் பிடி வேலை செய்யவில்லை என்று எங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறாய்.

ஐம்பது முறை தள்ளிப் பார்த்தேன். சும்மா மேஜையில் வைத்து இல்லை. ஒரு ஆள் எடையைத் தொங்கவிட்டு, பிறகு இரண்டு ஆள் எடையை. உப்புநீரில் ஊறவைத்து, ஈர மணலில் புரட்டியெடுத்து. ஐம்பது முறையும் கழன்றது.

இன்னொன்று. பட்டம் முழுக்க உப்புப் படிந்திருக்கிறது. சிவப்புப் பிடியில் மட்டும் துளி உப்பு இல்லை. கழுவினாயா, இல்லை பிடியையே மாற்றிவிட்டு அனுப்பினாயா?

சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள நட்டு,

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அத்தான், “இது லெட்டரா, சம்மனா?” என்று கேட்டார். நாங்கள் நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆமாம், கழுவினேன். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, கை என்ன செய்கிறது என்று தெரியாமலே பிடியை நல்ல தண்ணீரில் அலசினேன். தினமும் செய்கிற வேலை. அலசச் சொல்லி உங்கள் கம்பெனிப் புத்தகத்தில்தான் போட்டிருக்கிறது. அலசாமல் இருந்திருந்தால் பராமரிப்பே இல்லை என்பாய். அலசினால் தடயத்தை அழித்தேன் என்கிறாய்.

நானும் ஒன்று கேட்கிறேன். பட்டத்தைச் செய்தது உன் கம்பெனி. சோதித்தவன் அந்தக் கம்பெனிச் சம்பளக்காரன். சோதனை அறையில் உன் பக்கத்தில் யார் நின்றார்கள்? ஐம்பதுக்கு ஐம்பது என்கிறாயே, நாற்பத்தெட்டாவது முறை சிக்கியிருந்தால் எழுதியிருப்பாயா? வீட்டு ரேடியோவைப் பிரித்து மாட்டிவிட்டு, மிஞ்சிய நட்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னவன் நீ. நட்டு என்ற பெயர் உனக்குச் சும்மா வரவில்லை.

நான் கரையில்தான் நின்றேன். பட்டம் ஒரே பக்கமாகச் சுழன்று சுழன்று அவரை இழுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று தடவை கத்தினேன். நான் சொன்னதை அவர் செய்தார். அப்படியும் பட்டம் அவரை விடவில்லை. கல் தடுப்பில் மோதிய பிறகுதான் நின்றது.

இருபத்தெட்டாம் தேதி துறைமுக அலுவலகத்தில் விசாரணை. பிடியில் கோளாறு இல்லை என்று உன் அறிக்கை வந்தால், தப்பு என் பயிற்சியில் என்று ஆகிவிடும். பள்ளியின் உரிமம் போய்விடும். பதினோரு வருஷமாக அந்தக் கரையில் வெயிலில் நின்று வளர்த்த பள்ளி. அக்கா என்பதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. கம்பெனி என்பதற்காக எழுதாதே என்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

ஐம்பது என்றால் ஐம்பதுதான். பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மேலாளர் மட்டும் கண்ணாடிக்கு வெளியே இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் நீ ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு பட்டம் எப்படிப் பறக்கிறது, ஆபத்தில் எப்படி அடங்குகிறது, எத்தனை காலம் உழைக்கிறது என்று மூன்று வகையாகத்தான் எடைபோடுவோம். மூன்றாவதில் நீ மாட்டிக்கொண்டாய். ‘ஒரு பருவம் பயன்படுத்தியது’ என்று படிவத்தில் எழுதியிருக்கிறாய். கம்பெனி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் துணி அடர்நீலம். சுற்றிலும் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஒரு பருவ வெயிலுக்கு இப்படி வெளுக்காது. குறைந்தது நான்கு பருவம். முன்விளிம்பில் காற்று அடைக்கும் குழாயின் தையல் பிரிந்து, வேறு நூலால் தைத்திருக்கிறது. இடது கயிறு வலதைவிட நான்கு விரல் நீளம். இப்படி இருந்தால் பட்டம் தானாகவே வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். இதில் பொய் சொன்னவள் பிடி விஷயத்தில் மட்டும் உண்மை சொல்கிறாள் என்று நான் எதை வைத்து நம்புவது?

கைக்கம்பின் வலது முனையில் கயிறு உரசி உருகிய தழும்பு இருக்கிறது. சாய்ந்த பட்டத்தின் கயிறு அங்கே சுற்றிச் சிக்கியிருக்கிறது. அப்படிச் சுற்றிக்கொண்டால் கையை எடுத்தாலும் சுழல் நிற்காது. சிவப்புப் பிடியைத் தள்ளுவது ஒன்றுதான் வழி.

சொன்னதைச் செய்தார் என்கிறாய். என்ன செய்தார்? நீ என்ன சொன்னாய்? நீயாக ஊகித்து எழுதாதே. அவரிடமே போய்க் கேள். வார்த்தைக்கு வார்த்தை எழுது.

தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

பட்டம் பழையதுதான். வேறொரு பள்ளியை மூடியபோது அங்கிருந்து எடுத்தது. மூன்று பருவம் தாண்டியதை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் குறைத்து எழுதினேன். தையலும் நான் போட்டதுதான். கயிறு நீண்டிருந்தது எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு.

பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். உன் கம்பெனிதான் என்னை அனுப்பியது என்று நினைத்தாரோ என்னவோ. வலது கை மார்போடு கட்டியிருக்கிறது. அந்தக் கை சரியாகி மறுபடி வேலை செய்ய ஆறு மாதம் ஆகுமாம். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே கேட்டேன்.

“மரியாதையெல்லாம் பறக்க விட்டுட்டு, ‘விடு, விடு’ன்னு கத்துனீங்க. நானும் விட்டேன்” என்றார்.

“எதை விட்டீங்க?”

“கையத்தான். ரெண்டு கையையும். வேற என்னத்த விடுறது?”

“சிவப்புப் பிடி?”

“அதத் தள்ளணும்னுதானே வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க. தள்ளுன்னு நீங்க கத்தவே இல்லையே.”

அதற்குப் பிறகு அவர் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் புத்தகத்தை எடுத்தேன். ஏழாம் பக்கம். ‘இழுவை மிகுந்தால் விடு. அப்படியும் அடங்காவிட்டால் பட்டத்தை விடு.’ கம்பிலிருந்து கையை எடுப்பதும் விடு, இடுப்பிலிருந்து கழற்றுவதும் விடு. பட்டத்தை மேலே ஏற்றுவதற்கே நம் மொழியில் விடுவது என்றுதான் பேர். மூன்று வருஷமாக அந்தப் பக்கத்தை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். ஆபத்தில் வாயில் வந்ததும் அதுதான்.

அதைத் தமிழில் எழுதியது யார் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் வந்த அன்று அந்தப் பக்கத்தை அத்தானிடம் காட்டிப் பெருமைப்பட்டவள் நான்.

இது உனக்கு எப்போது தெரியும்? வார்த்தைக்கு வார்த்தை எழுது என்று கேட்டபோதே தெரியுமா? என் கையாலேயே எழுதி வாங்கி, தப்பாகக் கத்தியது பயிற்சியாளர் என்று முடித்துவிடத்தான் கேட்டாயா?

அக்கா

*

மார்ச் 23

அக்காவுக்கு,

தெரியாது. சந்தேகம் இருந்தது, ஆனால் அது உன்மேல்தான். என்மேல் வரவில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். உட்கார்ந்து படிப்பவனுக்கு முதல் வரியில் கை, இரண்டாம் வரியில் பட்டம் என்று விளங்கும். காற்றில் கத்தினால் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழும். ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்த வேலை அது. பிடியை ஐம்பது முறை சோதித்தவன் அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

அறிக்கையில் மூன்றையும் எழுதினேன். பிடியில் கோளாறு இல்லை. பட்டம் நான்கு பருவம் பழையது, கயிறு சமமில்லை, வயதை மறைத்தது பயிற்சியாளர். புத்தகத்தில் இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே சொல் இருக்கிறது, எழுதியது நான்.

மேலாளர் படித்துவிட்டு, “பிடி நல்லா இருக்கு, பட்டம் பழசு. இது போதுமே. புத்தகத்தப் பத்தி யாரு கேட்டா?” என்றார். பாதிக்கப்பட்டவர் கேட்பார் என்றேன். “பள்ளிக்கூடம் நடத்துறது உங்க அக்காவாமே?” என்று அடுத்து ஆரம்பித்தார். ஆமாம், பட்டத்தின் வயதையும் அதில்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அறிக்கையை அவர் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். இருபத்தெட்டு தாண்டும்வரை அது அங்கேயேதான் இருக்கும் என்று தோன்றியது. கையெழுத்திட்ட இன்னொரு படியை இன்று காலை நானே துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பட்டத்தின் வயதை எழுதாமல் தாண்டிப் போகலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் பட்டத்தை முதலில் சாய்த்தது அந்த நீண்ட கயிறு. என் தப்பை மட்டும் எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன். அறிக்கை சரியாக இருக்காது.

இனி ‘கையை எடு’ என்று ஒன்று, ‘தள்ளு’ என்று ஒன்று. விசாரணையில் என்ன முடிவாகிறதோ, இதை மட்டும் மாற்றிவிடு.

எழுத மனமிருந்தால் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உரிமத்தை ரத்து செய்யவில்லை. ஒரு பருவம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தைத் திருத்தும்வரை எந்தப் பள்ளியும் அந்தப் புத்தகத்தை வைத்து நடத்தக் கூடாது என்றும் உத்தரவு. பல் டாக்டர் வந்திருந்தார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அதிகாரி உன் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். முடித்ததும், “இது உங்க கூடப் பொறந்த தம்பியா?” என்றார். ஆமாம் என்றேன். “ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஆகாதா?” என்று கேட்டார். அத்தானைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘மறைத்தது பயிற்சியாளர்’ என்ற வரி வந்தபோது குனிந்த தலை அது. அவரிடமும் பட்டத்தின் வயதை நான் சொல்லியிருக்கவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த வரியைக் கொஞ்சம் பூப்போல எழுதியிருக்கலாம். உனக்கு வராது, தெரியும்.

கம்பெனியில் உன்னை என்ன செய்தார்கள் என்று நீ எழுதவில்லை. நீ எழுதாததால் வேலை போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பார்சலைக் கம்பெனிக்கு அனுப்பாமல் உன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். பள்ளியில் மீதியிருக்கும் நான்கு பட்டங்களும் உள்ளே இருக்கின்றன. சோதித்து அனுப்பு. அவசரமில்லை, எனக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஒவ்வொன்றின் வயதையும் சீட்டில் எழுதி ஓரத்தில் தைத்திருக்கிறேன்.

அந்தச் சீட்டை நம்பாமல் பார்.

அக்கா