வெறும் விரிசல்

என் ராஜாத்திக்கு,

உன் முட்டிவலி தேவலையா? எழுத்துக் கோணலைப் பார்த்துப் பதறாதே, இடக்கையால் எழுதுகிறேன். போன வாரம் பள்ளி மாடிப்படியில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தேன். விரல்கள் அசைந்ததால் சுளுக்கென்றுதான் நினைத்தேன். வீக்கம் வடியவில்லை. எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் மெல்லிய கோடு தெரிந்தது, மாவுக்கட்டு போட்டார்கள்.

எலும்பு விலகினால் ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டுமாம். இன்று மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். விலகவில்லை. உடனே எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“முறியலயே, வெறும் விரிசல்தானே டாக்டரம்மா? கட்டைப் பிரிச்சிடலாமா?”

“விரிசலும் முறிவுதான், வாத்தியாரே. இப்பப் பிரிச்சா விலகிடும். அப்புறம் கரும்பலகைல எழுதுறதை மறந்துட வேண்டியதுதான்.”

சரிதானே? கீறல் விட்ட சிலேட்டை “இன்னும் முழுசாத்தான் இருக்கு” என்று அழுத்தி எழுதும் பிள்ளையை நான் எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்!

மகனுக்குத் தெரிந்தால் என்னை அழைத்துப்போக வந்து நிற்பான். தடுத்து வை. ஓய்வுபெற்ற பிறகு நானாகக் கேட்டு வாங்கிய வேலை இது. பரீட்சை முடியாமல் இந்தப் பிள்ளைகளை விட்டு வரமாட்டேன். கட்டையும் பிரிக்கமாட்டேன். பலகையில் கணக்கை அவர்கள் போடுகிறார்கள், நான் வாயால் திருத்துகிறேன்.

கை அகலமான சட்டை இரண்டு அனுப்பு. தினமும் வாட்ச்மேன்தான் பட்டன் போட்டுவிடுகிறார். கழுத்துவரை இறுக்கிவிட்டு, “மாப்பிள்ளை ரெடி!” என்று சிரிக்கிறார். மேல் பட்டன் போட்டால் எனக்கு மூச்சு முட்டும் என்பது உனக்குத்தானே தெரியும்?

மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு ஓடுகிறேன்.

உன்
ஒற்றைக்கை வாத்தியார்