இன்ஸ்டால் ஆகாத வியாழக்கிழமை

அக்கா,

இன்று காலை விளக்குத் திரி வைத்திருக்கும் டப்பாவைக் கவிழ்த்தபோது, ரூபாய் நாணயம் போல வட்டமான பேட்டரி ஒன்று விழுந்தது. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய செத்த பேட்டரி. எறிய மனமில்லாமல் சாமி அலமாரியில் வைத்தது நான்தான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பெருங்களத்தூர் பிளாட்டில் நீங்கள் மாடியில், நான் கீழே. சர்க்கரை உங்கள் கண் பார்வையை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் புரோகிராம் ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு, சபையில் தெரிந்தவரிடம் சொல்லி டவுன்லோடு செய்து பென் டிரைவில் வாங்கி வந்திருந்தீர்கள். பைபிளை நானே வந்து படித்துக் காட்டுகிறேன் என்றதற்கு நீங்கள் ஒப்பவில்லை.

"நீ படிச்சா உன் வேகத்துக்குத்தான் நான் ஜெபம் பண்ணணும். எனக்கு ஒரே வரியில அரை மணி நேரம் நிக்கணும்டி."

ஆனால் அந்தப் புரோகிராம் ஏறவே மறுத்தது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், திரை தெரியாது. எனக்குத் திரை தெரியும். இங்கிலீஷ், மளிகைச் சாமான் அட்டைகளைப் பார்த்து நானே கூட்டிக் கற்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தோம். ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக வாங்கி வந்தோம். செய்ததையெல்லாம் வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பலிக்காததை அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் திரையில் ஓர் அறிவிப்பு வரும். முதல் வரியைப் படித்துவிட்டு ஓகே அமுக்கிவிடுவேன்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. தெருவில் ஆடி மாதத்து அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒன்றரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அமுக்கிடலாம்."

"உங்க ராகுவுக்கு என் கம்ப்யூட்டர்ல என்னடி வேலை?"

"வேலை இல்லாமதான் மூணு நாளா உக்காந்திருக்காரு."

அமுக்கினேன். அதே அறிவிப்பு.

"கீழே பொடி எழுத்து ஏதாவது இருக்கா?"

"இருக்கு. அது சும்மா போடறது, அக்கா."

"சும்மாவோ என்னவோ, நீ படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீங்கள் நெற்றியைச் சுருக்கினீர்கள். "இதோட சர்டிஃபிகேட் ஆரம்பிக்கிற தேதியே இன்னும் வரலைன்னு சொல்லுது. பைத்தியமா அது?"

ராகு காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று திரையின் மூலையில் மணி பார்த்தேன். அங்கே ஜனவரி ஒன்றாம் தேதி. அதுவும் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தையது. அந்தக் கணக்கில் புரோகிராம் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரி செத்துப்போனதால் அணைக்கும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடியிருக்கிறது என்று பிறகு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழிக்கிற நான், இதைக் கவனிக்கவில்லை.

தேதியைத் திருத்தி மறுபடி அமுக்கினேன். ஒன்றேகாலுக்குப் பச்சைக் கோடு கடைசி வரை ஓடி, புரோகிராம் ஏறி முடிந்தது. பைபிளில் சங்கீதம் ஒன்றைத் திறந்து வைத்தேன். குரல் கேட்டதும், "தாம்பரம் ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்ற பொண்ணு மாதிரியே இருக்கா" என்று சிரித்தீர்கள். நிறுத்தும் பட்டனுக்கு உங்கள் விரலைக் கொண்டுபோனேன். ஒரு வரி வந்ததும் அழுத்தினீர்கள். குரல் நின்றது. நீங்கள் நெடுநேரம் அந்த ஒரு வரியிலேயே நின்றீர்கள். நானும் மனசுக்குள் என் ஸ்லோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நீ படிக்க வர வேண்டாம். காபி குடிக்க வா" என்றீர்கள்.

நீங்கள் கர்த்தரிடம் போய் இரண்டு வருஷம். இப்போது பிளாட்டில் யாருக்கு எது ஏறவில்லை என்றாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். நான் அவசரமாக ஓகே அமுக்குவதில்லை. பொடி எழுத்து வரை வாய்விட்டுப் படிக்கிறேன். படித்து முடித்ததும், நீங்கள் அர்த்தம் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

"என்ன ஆன்ட்டி, யோசிக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன். அதற்குள் அர்த்தம் வந்துவிடுகிறது.