மூன்று பாட்டில் தண்ணீர்

ராத்தா,

நான்கு நாளைக்குப் பிறகு இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை வைத்துத் திறந்ததும் குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாடை. பக்கத்துக் குழாயில் நின்ற புது மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத எப்பிடிக்கா குடிக்கிறது?" என்றாள். நான் குனிந்து அந்த வாடையை நன்றாக உள்ளே இழுத்தேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல அவள் பார்த்தாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? அவள் இந்தத் தெருவுக்கு வரும்போது நீங்கள் இல்லை.

உங்கள் எதிர்வீட்டுக்கு நான் குடிவந்த புதிது; அக்கா என்பதை உங்கள் வழக்கப்படி ராத்தா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டை கட்டிய ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்க வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் என் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த மிஷின் தண்ணீர். வயர் கோத்த கம்பிகளை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். என் டம்ளர் பழுப்பாகிக் குழம்பி, மேலே சாக்கடைபோல நுரை கட்டியது. அவருடையது பளிங்காக நின்றது. "இதத்தான் உங்க குழந்தைக்குக் குடுக்குறீங்க" என்றார். இடுப்பில் இருந்த மூன்று வயது மகளை இறுக்கிக்கொண்டேன்.

நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்போலத்தான் வந்தீர்கள். உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, "தம்பி, உங்க தண்ணியில இதப் போட்டுட்டு அந்தக் கம்பிய விடுங்க" என்றீர்கள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? உப்பு போட்டா அழுக்காயிரும்ல?"

"உப்பு அழுக்கா? நான் வாலிநோக்கத்துக்காரி. எங்க வாப்பா உப்பளத்துல நின்டே காலு வெடிச்சவரு. எங்கிட்ட இதச் சொல்லாதீங்க."

அவர் கையைத் தடுப்பதற்குள் உப்பைப் போட்டு நீங்களே சுவிட்சைத் தட்டினீர்கள். பளிங்குத் தண்ணீர் கண்ணெதிரே பழுப்பானது. தெருப் பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "கரையிறது கம்பி. தண்ணியில உப்பு இருந்தா கரையும், இல்லாட்டி கரையாது. இதுக்குப் போயி பச்சப்புள்ளத் தாய மெரட்டலாமா?" என்று கேட்டீர்கள். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

போனபிறகு என்னிடம் சொன்னீர்கள்: "மிஷின் கெட்டதுன்னு நான் சொல்லல புள்ள. உப்புத் தண்ணி ஊருல அது வேணுந்தான். ஆனா தண்ணிய வெறுங்கண்ணால பாத்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது."

அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. குழாய்த் தண்ணீரின் வாடை பிடிக்காமல் கேன் தண்ணீருக்கு மாறினேன். நம் ஊரிலேயே நிரப்பி வண்டியில் கொண்டுவந்து போடுகிற கேன். கண்ணாடிபோல இருக்கும், வாடையே இருக்காது. குடிக்கக் கேன், சோறாக்கவும் பாத்திரம் கழுவவும் உங்கள் கிணறு. உங்கள் மாமனார் தெருவுக்கென்று தர்மமாக வெட்டிவிட்ட கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி இனிக்கிற தண்ணீர் வேறெங்கும் இல்லை என்று உங்கள் குடும்பத்துக்கே ஒரு பெருமை. வெயில் காலத்தில் கூடுதலாக ஒரு வாளி கொடுத்து அனுப்புவீர்கள்.

அந்தக் கோடையில்தான் என் மகள் விழுந்தாள். காலையில் வாந்தி, மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கு. சாயங்காலம் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடிக்கொண்டிருந்தார். கண் குழிந்து, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அவள் அப்பா கடலுக்குப் போயிருந்தார். நம் தெருவில் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கதி. எல்லாரும் குழாய்த் தண்ணீரைத்தான் திட்டினார்கள்.

பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்தீர்கள். மகளின் பாதத்தைத் தடவியபடியே கேட்டீர்கள்: "நாலு வீட்டுலயும் குடிக்க என்ன தண்ணி?"

"கேன்தான் ராத்தா."

"பொழங்க?"

நாலு வீட்டுக்கும் உங்கள் கிணறுதான். பிளாஸ்கை மூடி வைத்தீர்கள். பிறகு, "அப்பம் எல்லாத்தையும் எடுத்துப் பாத்துருவோம். நம்ம கிணத்தையும் சேத்து" என்றீர்கள்.

மகள் தேறி வீட்டுக்கு வந்த வாரமே இரண்டு பேரும் கிளம்பினோம். ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனோம். ராமநாதபுரம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். கிருமி பார்ப்பதற்கென்றே சுத்தம் செய்த பாட்டிலை அவர்களே தருவார்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பிடித்த தண்ணீர் ஐஸில் வைத்து அன்றைக்கே வந்து சேரவேண்டும். ஐஸுக்கு எங்கே போவது? நீங்கள் மீன் ஏலக் கடையில் கெஞ்சி ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய வாங்கிவந்தீர்கள். மறுநாள் பஸ்ஸில் நம் மடியில் கேன், குழாய், கிணறு என்று மூன்று பாட்டில். பெட்டியில் அடித்த நாற்றத்துக்கு, "என்னம்மா, மீனு விக்கப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்டார். "தண்ணி விக்கப் போறோம்" என்றீர்கள்.

பரிசோதனை முடிவுச் சீட்டு வாங்கப் போன நாளை எப்படி மறப்பேன்? குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லை; எனக்குப் பிடிக்காத அந்த பிளீச்சிங் பவுடர்தான் கொன்றிருந்தது. கேனில் இருந்தது. உங்கள் கிணற்றிலும் இருந்தது. பக்கத்தில் எங்கோ கக்கூஸ் குழி கசிகிறது, பாருங்கள் என்றார் அந்த அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவேயில்லை. நான்தான் மெதுவாகச் சொன்னேன்: "கேன் சீட்ட மட்டும் காட்டுவோம் ராத்தா. மத்தது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." நீங்கள் மூன்று சீட்டையும் மடித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

சேதி எப்படியோ பரவி, மறுநாள் காலை கேன் கம்பெனிக்காரரே நம் தெருவுக்கு வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர். ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நானோ வாடகைக்கு இருப்பவள். கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் வாசலுக்கே போனீர்கள்.

"பொம்பளைக ரெண்டு பேரு எந்தண்ணிய டெஸ்ட் எடுத்தீகளாம்ல? யாரக் கேட்டு எடுத்தீக?"

"எங்க புள்ளைக வயித்தக் கேட்டு எடுத்தோம்."

தெருவே கூடிவிட்டது. அவர் குரலை உயர்த்தினார். "ஊருக்கே தண்ணி குடுக்குறவன் நானு. நாலு புள்ளைக்கு வந்தது என் கேனாலதான்னு எப்பிடிச் சொல்றீக? அந்தப் புள்ளைக உங்க கிணத்துத் தண்ணியும் பொழங்குதுகல்ல? உங்க கிணறு மட்டும் யோக்கியமோ?"

உங்கள் மாமியார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கிணற்றுச் சீட்டும் உங்கள் கையில் மடித்து இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம்.

"இல்ல. எங்க கிணறும் யோக்கியமில்ல" என்றீர்கள். "கேன்ல இருந்துதான் வந்துச்சா, கிணத்துல இருந்தா, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ரெண்டுலயும் கிருமி இருக்கு. இந்தா, ரெண்டு சீட்டும்."

கிணற்றுச் சீட்டை எல்லாரும் பார்க்க உங்கள் வீட்டுக் கேட்டிலேயே ஒட்டினீர்கள். "என் சீட்ட நான் ஒட்டிட்டேன். உங்க சீட்ட உங்க கம்பெனி வாசல்ல ஒட்டுவீகளா?"

அவர் ஒட்டவில்லை. வண்டியேறிப் போய்விட்டார். ராத்தா, அப்போதுதான் நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். தாமதமாக வந்தேன். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன்பிறகு நீங்கள் பட்டது கொஞ்சமில்லை. தர்மக் கிணற்றைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று மாமியார் ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. துபாயிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் போனில் கத்தியது என் வீடுவரை கேட்டது. "ஊரு சிரிக்குதாம்ல!" நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: "சிரிக்கட்டும். சிரிக்கிற வயிறு நல்லா இருக்கட்டும்." கசிந்த குழியைக் கண்டுபிடித்து, மூடி, வேறிடத்தில் கட்டினீர்கள். கிணற்றை இறைத்து மருந்து போட்டு, மறுபடி மறுபடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். சீட்டு சரியென்று வரும்வரை ஒருவரையும் குடிக்க விடவில்லை. கேன் கம்பெனி சில நாள் பூட்டிக் கிடந்து, தொட்டி கழுவித் திறந்தது. மறுநாளே பாதித் தெரு பழையபடி கேன் வாங்கியது. அதற்கு நீங்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "வாங்கட்டும். கேட்டு வாங்கட்டும்" என்பீர்கள்.

நான் குழாய்த் தண்ணீருக்குத் திரும்பினேன். கொதித்துக் குமிழி புரண்டபிறகும் கொஞ்ச நேரம் விட்டு இறக்கி, மூடிவைத்து, நீளக் கைப்பிடி அகப்பையால் மட்டும் மொள்கிறேன். கைவிட்டு மொண்டால் உங்களிடம் வாங்கும் திட்டு இருக்கிறதே!

போன வருடத்துக்கு முந்தின வருடம், விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். உங்களைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போனபிறகு வாசலில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "இம்புட்டுத் தண்ணி பாத்துப் பாத்துக் குடிச்சு என்னத்தக் கண்டாக?"

துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல் நான் திரும்பினேன். "என் மகளக் கண்டாக. இந்தா நிக்கிறா பாரு" என்றேன். அந்தப் பேச்சு இன்னும் எங்காவது கேட்கத்தான் செய்கிறது. கேட்கும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறேன். சாகாமல் இருக்க அல்ல ராத்தா, பிள்ளைகள் பெரியவர்களாக வளரத்தானே நாம் அந்தப் பெட்டியைச் சுமந்தோம்?

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். மாடியில் இருக்கிற தொட்டியின் மூடி உடைந்து நாளாயிற்று. புறா உட்காருகிறது. இரண்டு தடவை சொன்னேன். போன வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர், எங்கள் பெரிய சார், "சமைக்கிற வேலையப் பாருங்கம்மா. தண்ணியெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். "சோறு வடிக்கிறது அந்தத் தண்ணியிலதான் சார். அதுவும் என் வேலதான்" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு சாரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன்.

பாட்டில் வாங்கி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போகிறேன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.