திரையில் இருதயராஜின் கால்

நாள் 61, காலை 7.10
நிலவின் தென்முனை ஆய்வுக்கூடம். எழுதுவது அங்கயற்கண்ணி, பாறைப் படப்பிரிவு. இங்கே இருவர்தான். இன்னொருவர் பொறியாளர் இருதயராஜ், தூத்துக்குடிக்காரர்.

வழக்கமான வேலை. அச்சிட்ட பாறைப் படத்தை வெள்ளை விளக்கின் கீழே பிடித்து, அதே படத்தைக் கணினியில் திறந்தேன். திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்றிருந்தது. பிரகாசத்தைக் குறைத்து, நீலத்தைக் கொஞ்சம் இறக்கி, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை பொருத்தினேன். இந்த அச்சின் இன்னொரு பிரதி பூமியில், கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. அவர்களும் திரையை இப்படிப் பொருத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

நாள் 62, மாலை 4.40
பள்ளத்தின் நிழலில் துளையிடும் கருவி சிக்கிக்கொண்டது. சரிசெய்யப் போன இருதயராஜ் அண்ணனின் இடது காலணியில் சூடேற்றும் கருவி நின்றுவிட்டது. திரும்பி வருவதற்குள் கால்விரல்கள் உறைந்துவிட்டன. வெதுவெதுப்பான நீரில் அவர் காலை வைத்தேன். படமெடுத்து அனுப்பினேன். பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டாக்டர் மெகருன்னிசா:

"விரல்ல ரத்த ஓட்டம் இருக்கு. பழுப்பாத்தான் தெரியுது. பயப்படாதீங்க, மாத்திரை போதும்."

நாள் 64, காலை 9.00
விரல்கள் கறுத்துவிட்டன. கறுப்பு பாதத்தில் ஏறுகிறது. "வலியே தெரியல, பாத்துக்க" என்று சிரிக்கிறார். புதிய படத்தோடு, கறுத்திருக்கிறது என்று எழுதியும் அனுப்பினேன். டாக்டரின் பதில்:

"அவர் நிறமே கறுப்புதானேம்மா. படத்துல கால் நல்லாத்தான் இருக்கு."

நாள் 66, காலை 6.25
கடும் காய்ச்சல். அறை முழுக்க நாற்றம். டாக்டருக்கு அனுப்பிய படங்களை என் திரையில் திறந்து, பிரகாசத்தை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தேன். கறுப்பு பழுப்பானது. திரையில் கால் பிழைத்துக்கொண்டது.

பாறையின் அச்சுப் படத்தை அவர் காலோடு ஒட்டி வைத்து மறுபடி படமெடுத்தேன். கூடவே பேசியும் அனுப்பினேன்:

"டாக்டர், அங்க இருக்குற பாறை அச்சை வெள்ளை விளக்குக்குக் கீழ, உங்க திரைக்குப் பக்கத்துல பிடிங்க. ரெண்டு பாறையும் ஒண்ணாத் தெரியுற வரைக்கும் பிரகாசத்தைக் குறைங்க. அப்புறம் காலைப் பாருங்க."

காலை 7.50
"பாத்தேன். யா அல்லா. இந்தத் திரையை யாருமே பொருத்தல போலிருக்கு. அங்கயற்கண்ணி, காலை எடுத்தாகணும். கணுக்காலுக்கு மேல. கப்பல் வர ரெண்டு வாரம் ஆகும். நான் சொல்லச் சொல்ல நீங்கதான் செய்யணும்."

மதியம் 2.15
செய்தேன்.
மயக்க மருந்து போதவில்லை. நடுவில் கண் விழித்து, "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். அப்போது பாதிகூட ஆகவில்லை.
சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

நாள் 68, காலை 5.30
இருதயராஜ் இறந்துவிட்டார். நஞ்சு ஏற்கெனவே ரத்தத்தில் கலந்திருந்தது.

"முதல் நாளே பாத்திருக்கணும். நான் பாக்கலம்மா." டாக்டர் அழுகிறார். காற்று வடிகட்டியை மாற்றும் நாள். மாற்றினேன்.

நாள் 69, காலை 10.05
அவர் மனைவி பிலோமினா முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். கைபேசிக்கு அனுப்புவார்களாம். படமெடுத்தேன். பொருத்திய திரையில் முகம் சாம்பலாக இருந்தது. உண்மையான நிறம் அதுதான்.
பிரகாசத்தை ஏற்றினேன். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் சேர்த்தேன். அனுப்பினேன்.

காலை 11.20
பிலோமினாவின் குரல், கட்டுப்பாட்டு அறை வழியாக:

"நல்லாத்தான இருக்காரு. ஏன் இப்படிச் சொல்லுதீய எல்லாரும்? அவருக்குத் தூக்கம் ரொம்பக் கெட்டி, தங்கச்சி. கொஞ்சம் தோளைப் புடிச்சு உலுக்கிப் பாரேன்."

காலை 11.40
உலுக்கினேன்.