கூரத்துக் கிணற்றில் அண்ணி

அன்புள்ள அண்ணி,

போன வாரம் என் மகள் என்னைப் படகு சவாரிக்கு அழைத்துப் போனாள். ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். எனக்கு அது மார்பைச் சுற்றி எட்டவே இல்லை. வயது ஏற ஏற எனக்கும் உங்கள் உடம்பு வந்துவிட்டது, அண்ணி. படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் கனமாக இருப்பதால் இரண்டு சட்டையாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஒன்றே பூட்டவில்லை, இரண்டாவதை எங்கே பூட்டுவது? மகள் சங்கடமாகச் சிரித்தாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

கூரத்தில் உங்கள் அம்மா வீட்டுக் கழனிக் கிணற்றில் உங்கள் மகன் குமார் விழுந்தபோது அவன் சின்னப் பிள்ளை. ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பம்புசெட் வரத் தொடங்கியிருந்த காலம். வரப்பில் வேலையாக இருந்த ஓர் ஆள் ஓடிவந்து குதித்து அவனைத் தூக்கினார். நீங்கள் கிணற்று மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தீர்களாம். பிள்ளை பிழைத்த பிறகு, கூடியிருந்தவர்களில் யாரோ, நல்லவேளை நீ குதிக்கவில்லை, குதித்திருந்தால் உன்னை யார் தூக்குவது என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னவர்களுக்கு அது கேலி. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒருநாள் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள். "எனக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியாமா? இன்னொரு வாட்டி மேட்டுல நின்னு கத்திக்கினு இருக்க என்னால முடியாது."

நானும் அண்ணனும் சிறு வயதில் கோயில் குளத்தில் நீந்திப் பழகியவர்கள். அமாவாசை அன்று நம் தெருவில் யாரும் தறியில் உட்காருவதில்லை. அந்த நாளாகப் பார்த்து மூன்று பேரும் குமாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கூரத்துக்குப் போவோம். உச்சி வெயிலில் கழனிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பழைய சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் படியில் இறங்குவீர்கள்.

பட்டு நெய்கிற வீட்டில் எல்லாவற்றுக்கும் எடைதான் கணக்கு. பட்டு எடை போட்டு வரும், நெய்த சேலை எடை போட்டுப் போகும். அண்ணனுக்கு வேறு கணக்கு தெரியாது. பிள்ளைகளுக்கு மிதக்க முதுகில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி இறக்குவார்கள் என்றால், உங்கள் எடைக்கு நாலு வேண்டும் என்று கொண்டுவந்தார். நாலையும் கோத்து இடுப்புக்குப் பின்னால் கட்டினார். கயிறு எட்டாமல் இன்னொரு கயிற்றை முடிந்தார். முடிச்சு சதையில் பதிந்தது. நீங்கள் படியின் விளிம்புக்கு நகர்ந்தீர்கள்.

தண்ணீரில் விழுந்ததும் குடுக்கைகள் உங்கள் இடுப்பைத் தூக்கிக்கொண்டன. தலை உள்ளே போய்விட்டது. கால்கள் வெளியே உதறிக்கொண்டிருந்தன. நான் பாய்ந்து கொண்டையைப் பிடித்து இழுத்துப் படியில் சாய்த்தேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பத்தவில்லை, இன்னும் இரண்டு கட்ட வேண்டும் என்றார்.

நீங்கள் மூச்சு திரும்பும்வரை இருமினீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "தண்ணி என்னைத் தூக்கத்தான் செய்யுதுபா. இதுங்கதான் என்னைக் கவுக்குது."

முடிச்சுகளை நீங்களே அவிழ்த்து எறிந்துவிட்டு மறுபடியும் இறங்கினீர்கள். மல்லாந்து படுக்கச் சொல்லி, முதுகுக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். எனக்கு நம்பவே முடியவில்லை. அத்தனை பெரிய உடம்பு என் ஒரு கையில் கனமே இல்லாமல் கிடந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க, நீங்கள் வானத்தைப் பார்த்து அழுதீர்கள். பஸ்ஸில் இடம் கொடுக்க முகம் சுளித்தவர்கள், ரவிக்கைக்குத் துணி அதிகம் கேட்ட தையற்காரர், எல்லோரும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த அமாவாசைக்குள் அண்ணன் பருத்தி நூலில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை நெய்துவிட்டார். உங்கள் மார்பைச் சுற்றி வெட்கப்பட்டுக்கொண்டே அளந்து, தாராளமாக நீளம் விட்டிருந்தார். அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சின்னக் குடுக்கைகள். பட்டை உடம்பை அறுக்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படவில்லை.

நான் போதும் என்றேன். நீங்கள் விடவில்லை. மேலே மிதந்து என்ன பண்ணுவது, விழுகிற பிள்ளை அடியில்தானே கிடக்கும் என்றீர்கள். ஆனால் உங்கள் உடம்பு உள்ளே போக மறுத்தது. எத்தனை முறை முங்கினாலும் தண்ணீர் உங்களை மேலே கொண்டுவந்து விட்டது. கடைசியில் ஒரு கருங்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு போனீர்கள். குமிழிகள் நின்றுபோயின. நான் குதிக்கப் போன நேரத்தில், கல்லை அடியில் விட்டுவிட்டு மேலே வந்தீர்கள். மூடிய கையில் கறுப்புச் சேறு.

அந்தச் சேற்றை அப்படியே கொண்டுபோய் உங்கள் அம்மா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த குமாரிடம் காட்டினீர்கள். "பாத்துக்கோபா. இனிமே நீ எவ்ளோ ஆழத்துல விழுந்தாலும் அம்மா வந்துடுவேன்." அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சேறு நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அவன் அதன்பிறகு விழவே இல்லை. நீங்கள் கற்றது யாருக்கும் தேவைப்படாமலே போனது. அதைவிட நல்லது எதுவும் இல்லை என்றுதான் நீங்களும் சொல்வீர்கள்.

கடைசி மாதத்தில் நோய் உங்களைப் பாதியாக்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எப்படி இருந்த உடம்பு என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். ஒரு மத்தியானம் விரிப்பு மாற்றுவதற்காக உங்கள் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அன்று போலவே கனமே இல்லை. எலும்புதான் கையில் பட்டது. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"இப்ப கெணத்துல எறங்கினா முழுகிடுவேன்மா" என்றீர்கள்.

விரிப்பு மாற்றி முடித்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை. நீங்கள் தூங்கும்வரை அப்படியே வைத்திருந்தேன். இன்னும் எடுக்கவில்லை, அண்ணி.