காட்டிக்கொள்ளக் கூடாத அப்பா

9 பிப்ரவரி 2025, ஞாயிறு
நம்மூர் வரலாற்று வட்டத்தின் மாதக் கூட்டம். மகள் துர்காதேவி எம்.ஏ. வரலாறு படிக்கிறாள், அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டதோடு திரும்பியிருக்கலாம். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதுதான் வினை. பேச்சாளர் நம்மூர்க்காரர்களைப் பர்மாவுக்குக் கப்பல் ஏற்றியது வரை கேட்டேன். கரை இறக்கும்போது என் குறட்டை மைக் வரை போய்விட்டதாம். கூட்டமே சிரித்ததாம். எனக்கெப்படித் தெரியும்?

10 பிப்ரவரி
துர்கா பேசவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல இன்று தைரியம் வரவில்லை.

23 பிப்ரவரி
மார்ச் கூட்டத்தில் துர்காவே பேசப்போகிறாள்! தலைப்பு, நம்மூர் ஊருணிகள். என் மோட்டார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அவள் சொல்கிறாள்: "நீங்க வரவேணாம்ப்பா. வந்தாலும் கடைசியில இருங்க. எங்கப்பான்னு காட்டிக்கிறாதீக."
"அப்படி என்னத்தா பண்ணிட்டேன்?"
அடுப்படியிலிருந்து என் மனைவி பாண்டீஸ்வரி, "நம்ம கல்யாணத்துலயே மந்திரம் முடியுமுன்ன உறங்குன ஆளு. பிள்ள பயப்படுறதுல என்ன தப்பு?" என்றாள்.
நானும் சிரித்தேன். ஆனாலும், காட்டிக்கொள்ளக் கூடாத அளவுக்கா போய்விட்டேன்? பத்தாம் வகுப்பில் வரலாற்றுக்கு முப்பத்தாறு மார்க் வாங்கினவன்தான். ஒத்துக்கொள்கிறேன்.

9 மார்ச்
இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனேன். உட்காரவே இல்லை, பின்சுவரில் சாய்ந்து நின்றேன். பிள்ளை என்னமாய்ப் பேசினாள்! குடிக்கிற ஊருணியில் காலைக் கழுவாமல் யாரும் இறங்க மாட்டார்களாம். பேசி முடித்து, "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்றாள்.
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கையிலிருந்த தாள்களை அடுக்கினாள், மறுபடி அடுக்கினாள். என் கை தானாக எழுந்துவிட்டது.
"காலைக் கழுவிட்டுத்தான் இறங்கணும்னா, கழுவுறதுக்குத் தண்ணிய எங்குட்டுருந்து எடுப்பாக?"
ஒரே சிரிப்பு. போச்சு, கெடுத்துட்டேன்னு நினைச்சேன். துர்கா யோசித்தாள். "அது தெரியலையே" என்றாள்.
வட்டத் தலைவர் மெய்யநாதன் எழுந்தார். "எங்க பக்கம் கரையில தனியாத் தொட்டி இருந்துச்சு."
"தொட்டியெல்லாம் பிறகு வந்தது அண்ணே! முதல்ல இறங்குறவன் என்ன பண்ணுவான்?" என்றார் நாச்சியாபுரம் சேவுகப்பெருமாள்.
பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு அவரவர் ஊர் ஊருணியை இழுத்து வந்தார்கள். டீ ஆறிப்போனது. துர்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.
கடைசியில் மெய்யநாதன், "கேள்வி கேட்டது யாரு? போன மாசம் கொறட்டை விட்டாகளே, அவுகளா?" என்றார்.
நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். காட்டிக்கக் கூடாதில்லையா.
துர்கா மைக்கிலேயே சொன்னாள்: "ஆமாங்க. எங்கப்பா."

13 ஏப்ரல், ஞாயிறு
துர்காவுக்குப் பரீட்சை, இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. சட்டையை மாட்டினேன்.
"மகதான் போகலையே, நீங்க எங்குட்டுக் கிளம்புறீக?" என்றாள் பாண்டீஸ்வரி.
"ஒரு கேள்வி இருக்கு" என்றேன்.
உண்மையில் கேள்வி ஒன்றும் இல்லை. போய் உட்கார்ந்தால்தான் வரும்.